குழந்தைக்கு முதற்கவளம் எப்போது?

பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு ஈடான உணவு வேறில்லை என்பதில் இன்று மருத்துவர்களிடையே கருத்து வேற்றுமை கிடையாது. ஆனால் அப்பால் மட்டும் எத்தனை காலத்திற்குப் போதும், வேறு உணவை எந்நாளில் தொடங்க வேண்டும் என்ற வினாவிற்கு விடை காண்பதில் விஞ்ஞானம் நெடுங்காலம் தடுமாறியே வந்திருக்கிறது. 1950-களில் அமெரிக்காவில் வால்டர் சாக்கெட் என்ற மருத்துவர், பிறந்த இரண்டு மூன்று நாட்களிலேயே குழந்தைக்குத் தானியக் கூழ் கொடுக்கலாம் என்று எழுதினார். அதனைப் பின்பற்றியோரும் உண்டு. 1979-ம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனமும் ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதியமும் ஜினீவாவில் கூட்டிய கூட்டம், நான்கு மாதத்திற்கும் ஆறு மாதத்திற்கும் இடைப்பட்ட காலமே தகுந்தது என்று கூறியது. அதன்பின் வந்த ஆராய்ச்சிகளையெல்லாம் தொகுத்து ஆராய்ந்த பிறகு, 2001-ம் ஆண்டு மே மாதத்தில் உலகச் சுகாதாரப் பேரவை, ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே அளித்தல் வேண்டும் என்ற தீர்மானத்தை நிறைவேற்றியது.

நமது நாட்டுச் சட்டமும் இம்மாற்றத்தைத் தொடர்ந்தே மாறியது. குழந்தைப் பால் பதிலிகள், பால் புட்டிகள், குழந்தை உணவுகள் ஆகியவற்றின் விற்பனையையும் விளம்பரத்தையும் கட்டுப்படுத்த 1992-ம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், நான்கு மாதத்திற்குப் பின் அளிக்கப்படுவதைக் ‘குழந்தை உணவு’ என வரையறுத்திருந்தது. 2003-ம் ஆண்டுத் திருத்தத்தின்படி அந்த நான்கு, ஆறாயிற்று. இது ஓர் எண்ணின் மாற்றம். எனினும் நாடெங்கும் தாய்மார்களுக்குக் கூறப்படும் அறிவுரை அந்த எண்ணையே பற்றி நிற்பதால், இம்மாற்றம் சிறியதன்று.

ஆறாம் மாதமா, ஆறு மாதம் நிறைந்தா?

இவ்விடத்தில் சொற்களைப் பற்றிச் சிறிது கூறுவது அவசியம். ‘ஆறாம் மாதத்தில்’ என்பது வேறு. ‘ஆறு மாதம் நிறைந்தபின்’ என்பது வேறு. ஜனவரி முதல் தேதி பிறந்த குழந்தைக்கு ஆறாம் மாதம் ஜூன் முதல் தேதியிலேயே பிறந்துவிடுகிறது. ஆறு மாதம், அதாவது 180 நாள், நிறைவது ஜூன் 30-ம் தேதியில். இரண்டிற்கும் இடையே ஒரு மாதம் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனமும் இந்திய அரசும் குறிப்பது 180 நாள் நிறைவையே ஆகும். ஆங்கிலத்திலிருந்து பெயர்த்தெழுதுவோர் இவ்வேற்றுமையைக் கவனியாவிடில், அறிவுரை முழுவதும் ஒரு மாதம் முன்னே நகர்ந்துவிடும்.

நமது முன்னோர் வகுத்த அன்னப்பிராசனச் சடங்கும் இந்தப் பருவத்தை ஒட்டியே அமைந்திருப்பது வியப்பிற்குரியது. கிருஹ்ய சூத்திரங்கள் ஆறாம் மாதத்தைக் குறிப்பிடுகின்றன. சுசுருதரின் மருத்துவ நூலும் அம்மாதத்தில் எளிதில் ஜீரணமாகும் உணவை ஊட்டுமாறு கூறுகிறது. வங்காளத்தில் இதனை ‘முகே பாத்’ என்றும், கேரளத்தில் ‘சோறூண்’ என்றும் வழங்குகின்றனர். பல இடங்களில் ஆண் குழந்தைக்கு இரட்டைப்படை மாதத்திலும் பெண் குழந்தைக்கு ஒற்றைப்படை மாதத்திலும் இதனை நடத்தும் வழக்கம் உண்டு. அவ்வழக்கப்படி பெண் குழந்தைக்கு ஐந்தாம் மாதம் குறிக்கப்பட்டால், அச்சடங்கைச் சடங்காகவே நடத்தி முடித்து, நாள்தோறும் ஊட்டுவதை ஒத்திவைப்பது நலம். அல்லது ஏழாம் மாதத்திற்கு நாள் பார்க்கலாம். ஆனால் நடைமுறையில் இதற்கு நேர்மாறான குறையே மிகுதி. நல்ல நாளில் பாயசத்தை நாவில் தடவி உற்றாரெல்லாம் மகிழ்ந்தபின், மறுநாள் முதல் குழந்தை மீண்டும் பாலை மட்டுமே நம்பி வாழ்கிறது. அடுத்த கவளம் எட்டாம் மாதத்திலோ ஒன்பதாம் மாதத்திலோதான் வருகிறது.

சடங்கில் தேனைத் தடவும் பழக்கம் உள்ளோர் ஒன்றை மறவாதிருக்க வேண்டும். ஓராண்டு நிறையாத குழந்தைக்குத் தேன் கூடாது. தேனில் சில சமயங்களில் தங்கியிருக்கும் ஒருவகைக் கிருமியின் வித்துக்கள், முதிர்ச்சி அடையாத குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கித் தசைகளைச் செயலிழக்கச் செய்யக்கூடும். அந்நோய் அரிதே ஆயினும் உயிருக்கு ஆபத்தானது.

முந்தினால் என்ன?

மூன்றாம், நான்காம் மாதங்களில் ஏறக்குறைய எல்லா வீடுகளிலும் ஒரு பேச்சு எழும்: “குழந்தை அழுதுகொண்டே இருக்கிறது. பால் போதவில்லை. கொஞ்சம் கஞ்சி கொடுத்துப் பாரேன்.” சொல்பவர் அன்பினால்தான் சொல்கிறார்; தாயும் களைப்பினாலும் ஐயத்தினாலும் இணங்குகிறாள். ஆகவே இதனை அறியாமை என்று ஒதுக்காமல் கணக்கிட்டுப் பார்ப்பதே முறை.

தாய்ப்பால் 100 மில்லிலிட்டரில் சுமார் 65 முதல் 70 கலோரி சக்தி உண்டு. 100 மில்லிலிட்டர் நீரில் ஐந்து கிராம் அரிசி மாவைக் கரைத்துக் காய்ச்சிய நீர்த்த கஞ்சியில் இருப்பதோ சுமார் 17 கலோரி. நான்கு மாதக் குழந்தையின் இரைப்பை மிகச் சிறியது. கஞ்சி உள்ளே சென்றால் அந்த அளவிற்குப் பால் குறையும். பசியடங்கிக் குழந்தை உறங்குவது உண்மையே. ஆனால் அது பெற்றதில் நான்கில் ஒரு பங்கு சக்தியே உண்டு. பாலிலுள்ள கொழுப்பும் நோயெதிர்ப்புப் பொருள்களும் அதில் இல்லை. மேலும், குழந்தை சப்பிக் குடிப்பது குறைந்தால் தாயிடம் பால் சுரப்பதும் குறைகிறது. “பால் போதவில்லை” என்ற சொல் முதல் நாளில் பொய்யாக இருந்து, இரண்டு வாரத்தில் மெய்யாகிவிடுகிறது.

கஞ்சி நீர்த்தது என்பதனால் மட்டும் நேரும் குறையன்று இது. மத்திய அமெரிக்காவிலுள்ள ஹாண்டுராஸில் நடத்தப்பட்டு 1994-ம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 141 குழந்தைகள் பிரிக்கப்பட்டு, சிலருக்கு நான்காம் மாத முடிவிலும் மற்றவர்க்கு ஆறு மாதம் நிறைந்த பின்னும் துணை உணவு தொடங்கப்பட்டது. முன்னரே உண்ட குழந்தைகள் அதற்கேற்பத் தாய்ப்பாலைக் குறைத்துக்கொண்டன. எடையிலோ உயரத்திலோ அவை சிறிதும் முந்தவில்லை. சத்தும் தூய்மையும் உடைய உணவே பயன் தராதபோது, நமது சேரிகளிலும் சிற்றூர்களிலும் கிடைக்கும் நீரில் கரைத்த உணவு தீமையையே தரும் என்பது வெளிப்படை. நீரோடும் கிண்ணத்தோடும் கிருமிகளும் குடலினுள் நுழைகின்றன. பேதியும் அதனால் வரும் மெலிவும் தொடர்கின்றன.

கோடைக் காலத்தில் தண்ணீரேனும் கொடுக்கலாகாதா என்று பலர் வினவுவர். தாய்ப்பாலில் நூற்றுக்குச் சுமார் 88 பங்கு நீரே. டில்லியின் கடுங்கோடையில் நடத்தப்பட்டு 1991-ம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, தாய்ப்பாலை மட்டுமே குடித்த குழந்தைகளின் உடலில் நீர்க்குறைவு நேரவில்லை என்று காட்டியது. தாய் அடிக்கடி பாலூட்டினால் போதுமானது. தாகத்திற்கு நீர் அருந்த வேண்டியவள் அவளே.

அப்படியாயின் பால் போதுகிறதா என்பதை அறிவது எங்ஙனம்? அழுகை நம்பத்தக்க அளவுகோலன்று. வெப்பம், ஈரத்துணி, வயிற்று வலி, வெறும் தனிமை ஆகிய எதற்கும் குழந்தை அழும். நாளொன்றுக்கு ஆறு முறையோ அதற்கு மேலோ வெளிறிய நிறமுள்ள சிறுநீர் கழிப்பதும், வளர்ச்சி அட்டையில் எடைக்கோடு மேல் நோக்கிச் செல்வதுமே உண்மையான சான்றுகள். எடைக்கோடு படுத்துவிட்டால் கஞ்சியை நாடுவதற்கு முன், குழந்தை மார்பைப் பற்றிக் குடிக்கும் முறை சரியா என்பதைச் சுகாதாரப் பணியாளர் ஒருவர் அருகிலிருந்து பார்க்க வேண்டும்.

பிந்தினால் என்ன?

முந்துவதைப் பற்றி எழுதுவோர் பலர். பிந்துவதைப் பற்றிக் கவலைப்படுவோர் குறைவு. ஆனால் நமது நாட்டுக் குழந்தைகளில் பெரும்பகுதியினர் மெலிவது பிந்துவதனாலேயே என்பது இக்கட்டுரை ஆசிரியரின் துணிபு. 2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளுள் நூற்றுக்கு 63.7 பேர் தாய்ப்பாலை மட்டுமே பெற்றனர். இது முன்னேற்றமே. ஆனால் ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகளுள் தாய்ப்பாலுடன் திட அல்லது குழைந்த உணவும் பெற்றவர்கள் நூற்றுக்கு 45.9 பேரே. 6 முதல் 23 மாதக் குழந்தைகளுள் போதிய அளவிலும் வகையிலும் உணவு பெற்றவர்கள் 11.3 பேர். அதே ஆய்வில், 6 முதல் 59 மாதக் குழந்தைகளுள் நூற்றுக்கு 67.1 பேருக்கு இரத்தசோகை இருந்தது.

இரத்தசோகையின் வேர் இப்பருவத்திலேயே இருக்கிறது. கருவில் இருக்கும் கடைசி மூன்று மாதங்களில் குழந்தை தாயிடமிருந்து இரும்புச் சத்தைப் பெற்றுத் தன் உடலில் சேமித்துக்கொள்கிறது. நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு அச்சேமிப்பு ஏறக்குறைய ஆறு மாதம் வரை வரும். தாய்ப்பாலில் உள்ள இரும்பு எளிதில் உடலில் சேரக்கூடியதே. ஆயின் அதன் அளவு மிகக் குறைவு, லிட்டருக்குச் சுமார் 0.35 மில்லிகிராம். குழந்தை நாள் முழுவதும் முக்கால் லிட்டர் குடித்து அதிலுள்ள இரும்பில் பாதி உடலில் சேர்ந்தாலும், கிடைப்பது 0.13 மில்லிகிராமே. ஆறு மாதத்திற்குப் பின் அதன் உடலில் சேரவேண்டியதோ நாளொன்றுக்குச் சுமார் 0.7 முதல் 0.9 மில்லிகிராம். சேமிப்பு தீர்ந்த பின் இந்த இடைவெளியைத் தாய்ப்பால் எவ்வளவு இருந்தாலும் நிரப்ப இயலாது. தாய்க்கே இரத்தசோகை இருப்பினும், குழந்தை எடை குறைந்து பிறப்பினும் சேமிப்பு முன்னரே தீரும். 2018-ம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ‘இரத்தசோகை இல்லாத பாரதம்’ திட்டத்தில் ஆறு மாதக் குழந்தை முதலே வாரம் இருமுறை இரும்பு, போலிக் அமிலத் திரவம் அளிக்க வகை செய்திருப்பது இக்காரணத்தினாலேயே ஆகும்.

சக்தியின் கணக்கும் இவ்வாறே. ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைக்கு நாளொன்றுக்குச் சுமார் 615 கலோரி தேவை. தாய்ப்பால் சராசரியாக 415 கலோரி தரும். எஞ்சிய 200 கலோரி உணவிலிருந்து வரவேண்டும். ஒன்பது முதல் பதினொரு மாதத்தில் இந்த எச்சம் 300 ஆகவும், இரண்டாம் ஆண்டில் 550 ஆகவும் உயர்கிறது. பற்கள் முளைக்கட்டும் என்று காத்திருப்பது தவறு. குழைத்த உணவை நசுக்கி விழுங்க ஈறுகளே போதும்.

குழந்தையின் உடலும் இப்பருவத்தில் தானே ஆயத்தமாகிறது. முதல் மாதங்களில் வாயில் இட்ட திடப்பொருளை நாவினால் வெளியே தள்ளிவிடும் அனிச்சைச் செயல், நான்கிலிருந்து ஆறு மாதங்களுக்குள் மறைகிறது. தலை நிலையாக நிற்கிறது. சாய்த்து வைத்தால் உட்கார முடிகிறது. பெரியவர் உண்ணும்போது தட்டை நோக்கிக் கை நீளுகிறது. ஐரோப்பியக் குழந்தை மருத்துவர்களின் சங்கமொன்று 2017-ம் ஆண்டில், நான்கு மாதத்திற்கு முன்னும் கூடாது, ஆறு மாதத்திற்குப் பின்னும் தள்ளக்கூடாது என்று கூறியிருப்பதை எடுத்துக்காட்டி, நமது நாட்டிலும் முன்னரே தொடங்கலாமே எனச் சிலர் கேட்கின்றனர். குழாயைத் திறந்தால் நல்ல நீர் வரும் நாட்டிற்கு ஏற்ற நெகிழ்ச்சி அது. நம்மிடையே முந்துவதால் கிடைக்கும் நன்மை சிறிது; நேரக்கூடிய கேடு பெரிது. 2023-ம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட புதிய வழிகாட்டியும் 180 நாள் என்பதையே உறுதி செய்திருக்கிறது. குடும்பத்தில் கடும் ஒவ்வாமையோ, குழந்தைக்குக் கரப்பானோ இருப்பின், நிலக்கடலை, முட்டை போன்றவற்றை எப்போது தொடங்குவது என்பதை மருத்துவரைக் கேட்டு முடிவு செய்தல் நன்று. அவற்றைத் தள்ளிப்போடுவது ஒவ்வாமையைத் தடுக்கும் என்ற பழைய எண்ணத்தை, 2015-ம் ஆண்டில் வெளியான லண்டன் ஆராய்ச்சி மாற்றிவிட்டது.

நீர்த்த கஞ்சி என்னும் மாயை

தொடங்கும் நாளை மட்டும் சரியாகக் கணித்துவிட்டு, நீர்த்த கஞ்சியையே தொடர்ந்து ஊட்டினால் பயனில்லை. குழந்தையின் இரைப்பை, எடை கிலோ ஒன்றுக்குச் சுமார் 30 மில்லிலிட்டர் கொள்ளும். ஏழு கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 200 மில்லிலிட்டருக்குச் சிறிது மிகுதி. மேற்கூறிய நீர்த்த கஞ்சியிலிருந்து 200 கலோரி பெறவேண்டுமாயின், அக்குழந்தை ஒரு லிட்டருக்கு மேல் குடித்தாக வேண்டும். ஆகாத காரியம். அதற்கு மாறாக, அரிசியும் பருப்பும் குழைய வேகவைத்து மசித்து, ஒரு தேக்கரண்டி நெய்யோ எண்ணெயோ சேர்த்தால் இரண்டு மூன்று சிறு வேளைகளில் அத்தேவை நிறைவேறும். தேக்கரண்டி நெய் ஒன்றிலேயே ஏறக்குறைய 45 கலோரி இருக்கிறது. உணவு கரண்டியில் நிற்க வேண்டும். சாய்த்தவுடன் ஒழுகிவிடுமாயின் அது உணவன்று, நீரே.

இவ்வுண்மையை நிலைநாட்டியதில் நமது நாட்டு விஞ்ஞானிகளின் பங்கு பெரிது. நீலகிரியின் குன்னூரில் 1918-ம் ஆண்டில் மக்காரிசன் தொடங்கிய சிறு ஆராய்ச்சிக் கூடம், 1958-ம் ஆண்டில் ஐதராபாத்திற்கு மாறி, 1969 முதல் தேசியப் போஷாக்கு நிலையம் எனப் பெயர் பெற்றது. மெலிந்த குழந்தைகளுக்குப் புரதமே குறை என்று உலகெங்கும் நம்பப்பட்ட காலத்தில், அங்கே பணியாற்றிய டாக்டர் கோபாலனும் அவருடைய கூட்டாளிகளும், நம் குழந்தைகள் உண்ணும் அளவே போதவில்லை என்று காட்டினர். 1973-ம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், நாளொன்றுக்கு 310 கலோரியும் மூன்று கிராம் புரதமும் மட்டுமே கூடுதலாகத் தரப்பட்டன. விலையுயர்ந்த புரதத் தூள் ஏதுமின்றியே அக்குழந்தைகள் நன்கு வளர்ந்தன. அந்நிலையம் வகுத்த ‘ஐதராபாத் கலவை’யும் எளியதே: வறுத்த கோதுமை 40 கிராம், வறுத்த கடலைப் பருப்பு 16 கிராம், வறுத்த நிலக்கடலை 10 கிராம், வெல்லம் 20 கிராம். இதில் 330 கலோரியும் 11.3 கிராம் புரதமும் உண்டு. மெலிந்த குழந்தையைத் தேற்றுவதற்கென அமைந்தது ஆதலால் இதில் வெல்லம் மிகுதி. நல்ல எடையுள்ள குழந்தைக்கு வெல்லமின்றியே மாவைத் தயாரிக்கலாம். சர்க்கரையும் உப்பும் இப்பருவத்தில் சேர்க்காதிருப்பதே நன்று என்பது இன்றைய கருத்து.

கெட்டியான கூழைக் குழந்தை விழுங்க மறுக்குமே என்ற இடர்ப்பாட்டிற்கும் நம் சமையலறையிலேயே பரிகாரம் இருக்கிறது. தானியத்தை முளைகட்டினால் அதில் அமிலேஸ் என்னும் நொதி பிறக்கிறது. அது மாச்சத்தைச் சிறு கூறுகளாக உடைத்துக் கூழை நெகிழச் செய்கிறது, சத்து குறைவதில்லை. மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் மல்லேஷியும் தேசிகாச்சாரும் முளைகட்டிய கேழ்வரகையும் பாசிப்பயற்றையும் கொண்டு 1980-களின் தொடக்கத்தில் இத்தகைய உணவொன்றை அமைத்தனர். பரோடாவில் தாரா கோபால்தாசும் இத்துறையில் ஆராய்ந்தார். கர்நாடகத்திலும் தமிழ்நாட்டிலும் கேழ்வரகை முளைகட்டி, உலர்த்தி, வறுத்து அரைக்கும் பாட்டிமார்கள் நொதியின் பெயரை அறியாமலே இதனைச் செய்து வந்திருக்கின்றனர்.

தொடக்கத்தில் இரண்டு மூன்று தேக்கரண்டி போதும். சில வாரங்களில் வேளைக்கு அரைக் கிண்ணமாகப் பெருக்கலாம். கீரை, காய்கறி, பழம் ஆகியவற்றை விரைவிலேயே சேர்க்க வேண்டும். உண்ணும் வழக்கமுள்ள குடும்பங்களில் முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றை மசித்துக் கொடுப்பதற்கு எட்டாம் மாதம் வரை காத்திருக்கத் தேவையில்லை. இரும்புச் சத்து எளிதில் சேர்வது அவற்றிலிருந்தே. சைவ உணவினர் பருப்போடும் கீரையோடும் சில துளி எலுமிச்சைச் சாறோ, மசித்த கொய்யாவோ சேர்த்தால் அவற்றிலுள்ள இரும்பு கூடுதலாக உடலில் ஏறும். தேநீர் இதற்கு நேர்மாறான விளைவுடையது. ஆகவே பிஸ்கட்டைத் தேநீரில் தோய்த்து ஊட்டும் வழக்கம் இருவகையிலும் தீங்கானது: இரும்பும் சேராது, வயிறும் சர்க்கரையால் நிறையும். முழு நிலக்கடலை, முழுத் திராட்சை போன்றவை தொண்டையில் அடைத்துக்கொள்ளும். அரைத்தோ மசித்தோ தவிரக் கொடுக்கலாகாது.

புதிய சுவையை முதல் நாளில் குழந்தை துப்பினால், அதற்குப் பிடிக்கவில்லை என்று கைவிடுதல் கூடாது. எட்டுப் பத்து முறை சுவைத்த பின்னரே பல குழந்தைகள் ஓர் உணவை ஏற்கின்றன. வாயைப் பிடித்துத் திணிப்பதும், புட்டியில் கரைத்துச் செலுத்துவதும் வேண்டா. கழுவிய கையும், கிண்ணமும், கரண்டியும், சிறிது பொறுமையும் போதுமானவை. தாய்ப்பாலோ இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் தொடரவேண்டியது. ‘பால் மறக்கடிக்கும் உணவு’ என்ற பழைய பெயர் இக்காரணத்தாலேயே வழக்கொழிந்து, ‘துணை உணவு’ என்ற பெயர் வந்தது. பாலுக்கு மாற்றாக வருவதன்று, பாலோடு சேர வருவது என்பது அப்பெயரிலேயே விளங்குகிறது.

குறைமாதத்தில் பிறந்த குழந்தையின் கணக்கு மட்டும் வேறு. அதற்குப் பிறந்த நாளிலிருந்தே 180 நாள் எண்ணுவது பொருந்தாது. பிறக்க வேண்டியிருந்த நாளையும், கழுத்து நிற்பதையும், எடையையும் நோக்கி மருத்துவரே நாளைக் குறிக்க வேண்டும்; இரும்புத் திரவமோ அதற்கு முன்னரே தேவைப்படும். 2018-ம் ஆண்டு முதல் நடைமுறைக்கு வந்த இளங்குழந்தை வீட்டுப் பராமரிப்புத் திட்டத்தில், ஆஷா பணியாளர் மூன்று, ஆறு, ஒன்பது, பன்னிரண்டு, பதினைந்தாம் மாதங்களில் வீடு தேடி வருகிறார். மூன்றாம் மாத வருகையின்போதே இக்கேள்வியை அவரிடம் கேட்டு, தேதியை வளர்ச்சி அட்டையில் குறித்து வைத்துக்கொள்ளலாம்.